பகுதிநேர வேலையும் பாங்க் ஹொலிடேயும்: லீவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு தம்பிக்குச் சம்பளக் கணக்குப் பழக்கிக்கொண்டிருந்தேன். லண்டனில் இரண்டு கடை வைத்திருக்கும் ஒருவரின் 2026ஆம் ஆண்டு லீவுத் தாள். ஒரு பெயருக்கு நேரே 8 என்று அடித்துவிட்டு, தம்பி அடுத்த வரிக்குப் போய்விட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே எட்டை 2015இல் நானும் அடித்திருக்கிறேன். அதன் விலை எனக்குத் தெரியும்.

பகுதிநேரக்காரருக்குச் சம்பளத்தோடு லீவே இல்லை என்று சொல்பவர்களை இப்போது அதிகம் காண்பதில்லை. லீவுத் தாளே வைக்காதவர்களுக்கு நான் எழுதியும் பயனில்லை. எல்லாம் ஒழுங்காகச் செய்கிறோம் என்று நம்பிக்கொண்டே விடும் பிழைகள்தான் இங்கே.

பாங்க் ஹொலிடே தனி உரிமை என்று நினைப்பது

பிரித்தானியச் சட்டத்தில் பாங்க் ஹொலிடே (வங்கிகள் மூடும் பொது விடுமுறை நாள்) அன்று வேலைக்கு வராமல் இருக்கும் உரிமை என்று தனியாக ஒன்றும் கிடையாது. அன்று வேலை செய்தால் இரட்டைச் சம்பளம் என்பதும் சட்டத்தில் இல்லை. அது கொன்ட்ராக்டில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 1998ஆம் ஆண்டின் வேலை நேர ஒழுங்குவிதிகள் தருவது ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு லீவு. கிழமைக்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்கு அது 28 நாள். இங்கிலாந்தின் 8 பாங்க் ஹொலிடேயையும் முதலாளி அந்த 28க்குள்ளேயே அடக்கிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

முழுநேரக்காரருக்கு அன்றைக்கு இரட்டைச் சம்பளம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் பகுதிநேரக்காரருக்கு வெறும் சம்பளம் கொடுப்பது வேறு கதை. அதைத் தடுக்கத்தான் 2000ஆம் ஆண்டில் பகுதிநேரத் தொழிலாளர் ஒழுங்குவிதிகள் வந்தன.

"அவ திங்கள் வாறதே இல்லையே!"

தம்பி அடித்த எட்டுக்கு வருவோம். கொன்ட்ராக்டில் "20 நாளும் பாங்க் ஹொலிடேயும்" என்று இருந்தது. அந்த அக்கா செவ்வாயும் புதனும் மட்டும் வருபவர். தம்பி இருபதை ஐந்தால் பிரித்து இரண்டால் பெருக்கினார்: 8. "பாங்க் ஹொலிடே எங்க?" என்று கேட்டேன். "அண்ணை, அவ திங்கள் வாறதே இல்லையே. அவவின்ட நாளில விழுந்தால்தானே குடுக்கிறது?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வேலையே இல்லாத நாளுக்கு என்ன லீவு என்று எனக்கும் ஒருகாலம் தோன்றியது.

நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 2026இன் எட்டு நாட்களில் ஐந்து திங்கட்கிழமை: ஈஸ்டர் திங்கள், மே மாதத்தில் இரண்டு, ஓகஸ்ட் 31, பிறகு டிசம்பர் 26 சனியில் விழுவதால் அதற்குப் பதிலாக டிசம்பர் 28. வெள்ளி இரண்டு: பெரிய வெள்ளியும் நத்தாரும். புத்தாண்டு வியாழன். செவ்வாயும் புதனும் பூச்சியம். இந்தத் திங்கட்கிழமைப் பழக்கம் 1871இல் ஜோன் லபக் கொண்டுவந்த பாங்க் ஹொலிடே சட்டத்தோடு தொடங்கியது. அதில் இங்கிலாந்துக்குக் குறித்த நான்கு நாளில் மூன்று திங்கட்கிழமை. வங்கிகளை மூடுவதற்குப் போட்ட கணக்கு அது. செவ்வாய், புதனில் மட்டும் கடைக்கு வரும் ஒருத்தியை அன்று யார் நினைத்தார்கள்?

ஆக, தம்பியின் தாளில் அந்த அக்காவுக்கு 8 நாள். அதே கடையில், அதே மணித்தியாலம், திங்களும் செவ்வாயும் வருபவருக்கு 8உம் 5உம் 13. சட்டத்தின் அடிமட்டமோ இரண்டுக்குப் பெருக்கல் 5.6, அதாவது 11.2. ஒருவருக்கு 3.2 நாள் குறைவு, மற்றவருக்கு 1.8 நாள் கூடுதல். கூடக் கொடுத்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். குறைத்தது நேரடியாகச் சட்டமீறல். அங்கே பாரபட்சமா இல்லையா என்ற விவாதத்துக்கே இடமில்லை.

2015இல் நான் செய்ததும் இதுதான். அந்த ஆண்டின் நாட்காட்டியும் 2026இன் நாட்காட்டியும் ஒன்றேதான். ஈஸ்டர்கூட இரண்டிலும் ஏப்ரல் 5. செவ்வாய், புதன் வந்துகொண்டிருந்த ஓர் அக்கா நத்தாருக்கு முன் வந்து கேட்டார்: "தம்பி, அவளுக்குப் பதின்மூண்டு, எனக்கு எட்டோ?" நான் பெரிய ஆள் மாதிரி, "அக்கா, அரசாங்கம் திங்களில விட்டால் நான் என்ன செய்யிறது?" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சில மாதம் கழித்து வேலையை விட்டார். எடுக்காத லீவுக்குக் கடைசிச் சம்பளத்தில் காசு கட்டவேண்டும் அல்லவா, அப்போதுதான் வெடித்தது. அவருடைய மகன், வேலைத்தல உரிமைகள் பற்றி ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்புக்கு போன் அடித்து விசாரித்திருக்கிறான். முதலாளி அவருக்குக் கொடுத்ததோடு முடியவில்லை. மற்றப் பகுதிநேரக்காரர் எல்லோருடைய தாளையும் திருப்பிப் போடவேண்டி வந்தது. அந்த வேலைக்கு நான் காசு கேட்கவில்லை, கேட்கவும் முகமில்லை. காசைவிட, அந்த அக்காவுக்கு நான் சொன்ன பதில்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சரியான முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. முழுநேரக்காரரின் 20ஐயும் 8ஐயும் முதலில் கூட்டுங்கள்: 28. அதற்குப் பிறகு விகிதம் போடுங்கள்: 11.2. இது அவரவர் லீவு உண்டியல். பாங்க் ஹொலிடேக்குக் கடை பூட்டி, அது ஒருவருடைய வேலை நாளாகவும் இருந்தால், அந்த நாளை உண்டியலில் இருந்து கழியுங்கள். திங்கள், செவ்வாய்க்காரருக்கு 5 போய் 6.2 மிஞ்சும். செவ்வாய், புதன்காரருக்கு 11.2உம் அவர் கேட்கும் நாளில். கூட்டிவிட்டுப் பிரிக்கவேண்டும். பிரித்துவிட்டுக் கூட்டினால் நானும் தம்பியும் விழுந்த கிடங்கில் நீங்களும் விழுவீர்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். புதன் முதல் வெள்ளி வரை வேலை செய்த ஒருவர் திங்கட்கிழமை விடுமுறைகளைக் கேட்டு வழக்காடி, 2007இல் ஸ்கொட்லாந்தின் செஷன் நீதிமன்றத்தில் தோற்றார். உண்மைதான். ஆனால் அது ஏழு நாளும் இயங்கும் இடம். அங்கே செவ்வாய் முதல் சனி வரை வரும் முழுநேரக்காரருக்கும் அந்தத் திங்கள் கிடைக்காது. ஆகவே காரணம் பகுதிநேரம் அல்ல, வேலைக்கு வரும் நாள் என்றது நீதிமன்றம். உங்கள் முழுநேரக்காரர் எல்லோரும் திங்கள் முதல் வெள்ளி என்றால் அந்தத் தீர்ப்பை நம்பி இறங்காதீர்கள். எந்த இடமானாலும் 5.6 வாரத்துக்குக் கீழே போக அது யாருக்கும் அனுமதி தரவில்லை.

திங்கள் மட்டும் வருபவர்

இவர் மறுபக்கத்துப் பாவம். மொத்தம் 5.6 நாள். 2026இல் கடை பூட்டும் திங்களுக்கே 5 போய்விடும். ஓகஸ்ட்டில் ஒரு கிழமை ஊருக்குப் போக அவர் கையில் 0.6 நாள்தான். சட்டப்படி பிழையில்லை, ஆனாலும் ஆள் நிற்க மாட்டார். அந்தக் கிழமைகளில் வேறொரு நாள் வந்து வேலை செய்ய விட்டால் லீவு மிஞ்சும். ரோட்டா (யார் எந்த நாள் வருவது என்ற அட்டவணை) போடுபவரிடம் ஜனவரியிலேயே பேசிவிடுங்கள்.

எல்லா நாளும் ஒரே நீளம் என்று கணக்கிடுவது

திங்கள் 10 மணித்தியாலம், வியாழனும் வெள்ளியும் 7 என்று வேலை செய்பவருக்கு நாளில் கணக்குப் போட்டால் சண்டைதான் வரும். மணியில் போடுங்கள். 24 தர 5.6, ஆண்டுக்கு 134.4 மணித்தியாலம். திங்கள் பூட்டினால் 10 கழியும், வெள்ளி பூட்டினால் 7.

தசமத்தை வெட்டுவது

11.2ஐ 12 ஆக்கலாம். 11 ஆக்க முடியாது.

எல்லோருக்கும் 12.07

வேலை செய்த மணித்தியாலத்தில் 12.07 விழுக்காட்டை லீவாகக் கணக்கிடும் இந்த முறை, 2024 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் தொடங்கும் லீவு ஆண்டுகளில், மணித்தியாலம் ஒழுங்கில்லாதவர்களுக்கும் ஆண்டில் சில காலம் மட்டும் வேலை செய்பவர்களுக்கும் உரியது. லீவுச் சம்பளத்தை மணிக்கூலியோடு சேர்த்துக் கொடுப்பதும் அவர்களுக்கு மட்டும்தான். செவ்வாய், புதன் என்று நிலையாக வருபவருக்கு இது பொருந்தாது.

ஏப்ரலில் தொடங்கும் லீவு ஆண்டு

ஈஸ்டர் நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும், தாள் போடும்போது மட்டும் மறந்துவிடும். 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையான ஆண்டில் பெரிய வெள்ளியே இல்லை. ஒன்று மார்ச் 29இல் போய்விட்டது, மற்றது ஏப்ரல் 18இல் வந்தது. "20 நாளும் பாங்க் ஹொலிடேயும்" என்ற கொன்ட்ராக்டில் முழுநேரக்காரருக்கே 27 ஆகி, சட்டத்துக்கு ஒரு நாள் குறைந்தது. அந்த 27ஐ வைத்துப் பகுதிநேரக்காரருக்கு விகிதம் போட்டவர்கள் குறைவையும் சேர்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஸ்கொட்லாந்துக் கிளைக்கும் அதே தாள்

பாங்க் ஹொலிடே அங்கே வழக்கமாக 9, வட அயர்லாந்தில் 10. ஈஸ்டர் திங்கள் ஸ்கொட்லாந்தின் பட்டியலிலேயே இல்லை.