முகத்துல ஆறாத கட்டி வந்தா என்ன செய்யணும்

முகத்துல வர்ற கட்டி முக்கால்வாசி சாதாரணமானதுதான், ஆனா சில அபூர்வமான கேன்சர் பரு மாதிரியே வேஷம் போட்டு வரும். அதுல ரொம்ப ஏமாத்துறது கண் இமையில வர்ற செபேஷியஸ் கார்சினோமா (எண்ணெய் சுரப்பியில வர்ற கேன்சர்), பாக்க கண்கட்டி மாதிரியே இருக்கும், மருந்து போட்டாலும் கீறி எடுத்தாலும் அதே இடத்துல திரும்ப வரும், இமை முடி கொட்டும். அப்படின்னா தயவுசெஞ்சு பயாப்ஸி (கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்றது) கேளுங்க.

வலியே இல்லாம சிவப்பா, ஊதாவா, கெட்டியா ஒண்ணு சில வாரத்துலயே வேகமா வளந்தா மெர்கல் செல் கார்சினோமாங்குற தோல் கேன்சரா இருக்கலாம், அதுக்கு தள்ளிப்போடவே கூடாது. உதட்டுக்கு மேல தழும்பு மாதிரி மெதுவா வளந்து மரத்துப்போனா மைக்ரோசிஸ்டிக் அட்னெக்சல் கார்சினோமாங்குற அபூர்வமான தோல் கேன்சரான்னு பாக்கணும், இது நரம்பு வழியா ஆழமா ஓடும், அதனால மேலாக்க சுரண்டி எடுத்த சாம்பிள்ல ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் வந்தாலும் நம்பி விட்டுடாதீங்க, ஆழமா எடுக்க சொல்லுங்க. அந்த சாம்பிளோட ஸ்லைடை தோல் நோய்க்குன்னே இருக்குற பேத்தாலஜிஸ்ட் (மைக்ரோஸ்கோப்ல பாத்து நோயை சொல்ற டாக்டர்) பாத்தா இன்னும் நல்லது.

ட்ரீட்மென்ட் பெரும்பாலும் ஆபரேஷன்தான். மோஸ் முறையில கொஞ்சம் கொஞ்சமா வெட்டி, ஓரம் முழுக்க மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டே போவாங்க, முகத்துல நல்ல தோல் மிச்சமாகும். மெர்கலுக்கு நிணநீர் கணு டெஸ்ட்டும் பெரும்பாலும் ரேடியேஷனும் சேரும், பரவிட்டா அவெலுமாப் மாதிரி இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியை தூண்டி கேன்சரை எதிர்க்க வைக்கிற மருந்து) இருக்கு. செபேஷியஸ் வந்தவங்க குடும்பத்துல குடல் கேன்சர் இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, மியூர் டோரே சிண்ட்ரோமான்னு (இந்த மாதிரி தோல் கட்டியும் குடல் கேன்சரும் வர்ற பரம்பரை நோய்) டெஸ்ட் பண்ணுவாங்க.