ரேடியோவில் வரும் உடல் வெப்பநிலையை ரெக்கார்டருக்கு ஏற்ற வோல்டேஜாக மாற்றுதல்

வெயிலில் வேலை செய்பவர்களின் உடல் வெப்பநிலை எச்சி-12 என்ற ரேடியோ மாட்யூல் வழியே "37.20" என்று வரிவரியாக வருகிறது, ரெக்கார்டரோ 0–5 வோல்ட் மட்டுமே வாங்கும். இடையில் ஓர் ஆர்டுயினோ ஊனோ, எம்சிபி4725 என்ற 12-பிட் டிஏசி (எண்ணை வோல்டேஜாக மாற்றும் சில்லு), எல்எம்4040-4.1 (நிலையான 4.096 வோல்ட் தரும் ரெஃபரன்ஸ்), 330 ஓம் ரெசிஸ்டர் போதும். கோலாலம்பூர்க்காரர்கள் ஜாலான் பாசாரில் தேடலாம். ஊனோவின் பிடபிள்யூஎம் (பின்னை வேகமாக ஆன்-ஆஃப் செய்து சராசரி வோல்டேஜ் எடுப்பது) வேண்டாம்: 8 பிட்டில் ஒரு படியே சுமார் 20 மில்லிவோல்ட்.

1. எச்சி-12-ஐ 9600 பாட், சேனல் 001-லேயே விடுங்கள். அது 433.4 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு சேனலுக்கும் 0.4 கூடும், மலேசியாவில் 435-ஐத் தாண்டக் கூடாது. ஆன்டெனாவுக்கு 17.3 செ.மீ. கம்பி.

2. டிஏசியின் தரவுப் பின் எஸ்டிஏ ஊனோவின் ஏ4-க்கு, கடிகாரப் பின் எஸ்சிஎல் ஏ5-க்கு. டிஏசியின் விசிசியை (மின்சாரம் வாங்கும் பின்) மட்டும் ஊனோவின் 5 வோல்ட்டில் நேரடியாகச் செருகாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். இந்தச் சில்லுக்குத் தனி ரெஃபரன்ஸ் கிடையாது. விசிசியே அதன் அளவுகோல். யூஎஸ்பி 5.0-லிருந்து 4.8-க்கு இறங்கினால் வெளியீடும் 4% இறங்கும். 38.0 டிகிரிக்கான 1.80 வோல்ட் (கணக்கு படி 3-இல்) 1.728 ஆகி, ரெக்கார்டர் தாளில் 37.3 என்று பதிவாகும். காய்ச்சலே மறைந்துவிடும்! அதனால் 5 வோல்ட்டிலிருந்து 330 ஓம், அதன் மறுமுனையில் எல்எம்4040, அங்கிருந்து விசிசி. இப்போது 4.096 வோல்ட், ஒரு படி சரியாக 1 மில்லிவோல்ட். ஏ கிரேடு 0.1% வாங்குங்கள், டி கிரேடின் 1% பிழை 37 டிகிரியில் 0.17 டிகிரி.

3. கணக்கு: (வெப்பநிலை − 20) × 100. 37.00 வந்தால் 1700, மல்டிமீட்டரில் 1.700 வோல்ட். டிஏசிக்கான ஆர்டுயினோ நூலகத்தின் (ஆயத்த நிரல்) செட்வோல்டேஜ் கட்டளையில் இரண்டாவது மதிப்பு ஃபால்ஸ் ஆகவே இருக்கட்டும். ட்ரூ கொடுத்தால் ஒவ்வொரு முறையும் டிஏசியின் ஈஈப்ரோமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) எழுதும். விநாடிக்கு ஒருமுறை என்றால் அதில் 10 லட்சம் முறை எழுதும் ஆயுள் 12 நாளுக்குள் தீரும்.

4. 10 விநாடி சிக்னல் இல்லையென்றால் 0 வோல்ட் அனுப்புங்கள். கடைசி மதிப்பைப் பிடித்து வைத்தால், சென்சார் பட்டை கழன்றவரும் நலமாக இருப்பதாகத் தெரியும்.

பின்சேர்க்கை: நீளமான கேபிளில் வோல்டேஜ் ஆடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். டிஏசியின் வெளியீடு தாங்கும் கெப்பாசிட்டன்ஸ் 1000 பிகோஃபாரட். கோஆக்ஸ் கேபிளில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 100 பிகோஃபாரட். வெளியீட்டில் தொடராக 100 ஓம் வையுங்கள்.