கெதியா, ஆறுதலா, வடிவா: பிள்ளைகளை வினையடையோடு எழுத வைப்பது எப்படி?

"கெதியா வா", "ஆறுதலாப் போ", "வடிவாப் பார்த்து எழுது." யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் காலையில் எழும்பியதிலிருந்து கேட்கிற பேச்சு இது. கெதியா (வேகமாக), ஆறுதலா (மெதுவாக), வடிவா (நன்றாக) மூன்றுமே வினையடைகள். ஒரு செயல் எப்படி, எப்போது, எங்கே, எவ்வளவு நடந்தது என்று சொல்பவை. அதாவது பிள்ளைக்கு வினையடை ஏற்கெனவே தெரியும். வாயில் இருப்பதைக் கொப்பிக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. தரம் 5, 6 பிள்ளைகளோடு நான் செய்கிற முறை இது.

படி 1: வெறும் வசனத்தில் தொடங்குங்கள்

வரைவிலக்கணம் பிறகு வரட்டும். கரும்பலகையில் "பட்டம் பறந்தது" என்று மட்டும் எழுதி, "எப்படிப் பறந்தது?" என்று கேளுங்கள். வேகமாக, உயரமாக, அழகாக என்று பதில் வரும். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏறுகிற பட்டங்களைப் பார்த்த பிள்ளைகளிடம் இதைவிட நல்ல பதில் இருக்கிறது. "உன் பட்டம் என்ன செய்தது? செய்து காட்டு" என்றேன். ஒரு பெடியன் எழும்பி உடம்பை இரண்டு பக்கமும் ஆட்டினான். பக்கத்தில் இருந்தவள், "தலையை ஆட்டி ஆட்டிப் பறந்தது ரீச்சர்" என்றாள். பின் வாங்கிலிருந்து இன்னொரு குரல்: "விண் கூவக் கூவப் பறந்தது!" விண் என்பது பட்டத்தில் கட்டுகிற, காற்றில் ஒலி எழுப்பும் நார்.

ஆட்டி ஆட்டி, கூவக் கூவ இரண்டும் வினையெச்சங்கள். இங்கே வினையடையின் வேலையைச் செய்கின்றன. "ஆக" ஒட்டினால்தான் வினையடை என்று பிள்ளை நினைத்துவிட்டால், இவை ஒன்றும் கட்டுரைக்குள் வராது. "அவர் ஆசிரியராக இருக்கிறார்" என்பதில் "ஆக" இருந்தும் அது எப்படி என்ற கேள்விக்குப் பதிலாகாது என்பதையும் காட்டுங்கள். இந்தப் படிக்கு ஒரு பாடவேளை முழுவதும் போனாலும் பரவாயில்லை.

படி 2: காதைக் கேளுங்கள்

மழை சோவென்று பெய்தது. வாளி தொபுக்கென்று கிணற்றில் விழுந்தது. தம்பி குடுகுடுவென்று ஓடினான். குடுகுடு போன்றவை இரட்டைக்கிளவி. "குடு" என்று பிரித்தால் இந்தப் பொருள் வராது. பிள்ளைகள் கண்ணை மூடி ஒரு நிமிடம் வெளிச் சத்தத்தைக் கேட்கட்டும், அப்புறம் எழுதட்டும்.

படி 3: வினைக்குப் பக்கத்தில் வையுங்கள்

"மெதுவாக அம்மா ஊற்றிய கூழைக் குடித்தான்." மெதுவாக ஊற்றினாரா, மெதுவாகக் குடித்தானா? இரண்டு பிள்ளைகளை நடிக்க விட்டால் குழப்பம் அவர்களுக்கே தெரியும். "அம்மா ஊற்றிய கூழை மெதுவாகக் குடித்தான்" என்றால் சரி. "ஆக" என்பதற்குப் பிறகு க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: மெதுவாகக் குடித்தான், நன்றாகப் பாடினாள். "என்று" என்பதற்குப் பிறகு வந்தால் மிகாது: சோவென்று பெய்தது.

படி 4: வெட்டுங்கள்

நல்லூர்த் திருவிழாவைப் பற்றி எழுதச் சொன்னால், "மிகவும் வேகமாகப் போனோம், மிகவும் சந்தோஷமாகக் கச்சான் வாங்கினோம்" என்று வரிக்கு வரி "மிகவும்" நிற்கும். ஒவ்வொன்றாக விரலால் மறைத்து, "எடுத்தால் ஏதாவது குறைகிறதா?" என்று கேளுங்கள். "சத்தமாகக் கத்தினான்" என்பதில் சத்தம் கத்தலுக்குள்ளேயே இருக்கிறது, எடுத்துவிடலாம். "சத்தமில்லாமல் அழுதான்" என்பதில் எடுத்தால் அந்த அழுகையே மாறிவிடும். அது இருக்கட்டும்.

கெதியாக, வடிவாக என்று எழுதினால் சிலர் சிவப்புப் பேனையால் கோடு போடுவார்கள். நான் போடமாட்டேன். கதையில் வருகிறவர் எங்கள் ஊரவர் என்றால் அவர் பேச்சும் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தானே இருக்கும்?

வீட்டுவேலையாக ஒன்று கொடுங்கள்: வீட்டில் ஒருவர் வேலை செய்வதைப் பார்த்து மூன்று வசனம். எனக்கு வந்த ஒரு கொப்பியில் இப்படி இருந்தது: "அம்மம்மா வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக் கிள்ளி, ஆறுதலாக மடித்தார்."