திருகைக் கவிதைக்குப் பொருள் காண்பது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் புதுக்கவிதைக்கு விளக்கம் எழுதிப் பழகுவதற்காகவே எழுதிய 6 வரிகள் இவை. தலைப்பு ‘திருகை’, அதாவது தானியம் அரைக்கும் கைக்கல்.

மேல்கல்
வாசல் கதவுக்கு முட்டு.
முளை கழன்ற கீழ்க்கல்
கொல்லையில் குடம் வைக்க.
நடுவில்
வீடு.

முதலில் 2 முறை வாய்விட்டுப் படியுங்கள். வரி முடியும் இடத்தில் நிறுத்துங்கள். 1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய பிறகு வேரூன்றிய புதுக்கவிதையில் சீரும் தளையும் தேட வேண்டியதில்லை. வரி எங்கே முறிகிறது என்று பார்த்தாக வேண்டும். இங்கே ‘நடுவில்’ தனியாக நிற்கிறது.

அடுத்து, திருகை என்ற பொருளையே தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான விளக்கங்கள் சறுக்குவது இங்கேதான். பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் பழைய வீடு எதிலாவது திருகை கிடந்தால் மேல்கல்லைத் தூக்கிப் பாருங்கள். கீழ்க்கல்லின் மையத்தில் முளை இருக்கும். மேல்கல்லின் நடுத்துளை அதில் உட்காரும். துளையில் கேழ்வரகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மரப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் விளிம்பைச் சுற்றி மாவு கொட்டும். அவசரப்பட்டு அள்ளிக் கொட்டினால் குருணைதான் வரும்.

இனிக் கவிதைக்கு வாருங்கள். இரண்டு கல்லுக்கும் நடுவில் இருக்க வேண்டியது தானியம். அந்த இடத்தில் வீடு இருக்கிறது. வாசலுக்கும் கொல்லைக்கும் இடையில் வீடு இருப்பது இயல்புதானே என்று தோன்றும். அந்த இயல்புக்குள்தான் அரைபடுவது யார் என்ற கேள்வியைக் கவிதை ஒளித்து வைத்திருக்கிறது. பதிலை நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

பிறகு வினைகளைத் தேடுங்கள். வினைமுற்று ஒன்றுகூட இல்லை. ‘கழன்ற’, ‘வைக்க’ என்று இரண்டு எச்சங்கள் மட்டும். சுற்றுகிற கை கவிதையில் இல்லை. முளையும் போய்விட்டதால், கற்களை மறுபடி சேர்த்து வைத்தாலும் அரைக்காது. ஆகவே ‘பழைய காலம் திரும்ப வேண்டும்’ என்ற ஏக்கத்தை இதன்மேல் ஏற்ற முடியாது.

குடத்தைக் கண்டதும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று போய்விடுகிறவர்கள் உண்டு. நம் மாவட்டங்களுக்கு அது பெரிய விஷயம்தான், ஆனால் இந்தக் கவிதை தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. குடம் இங்கே கல்லின் புது வேலையை மட்டும் சொல்கிறது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. உங்கள் விளக்கத்தில் ‘திருகை’ வரும் இடமெல்லாம் ‘ஆட்டுக்கல்’ என்று மாற்றிப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் விளக்கம் பொதுப்படையாக இருக்கிறது என்று பொருள். ஆட்டுக்கல்லில் குழவி குழிக்குள் நிற்கும். மேல்கல், கீழ்க்கல் என்ற அடுக்கு கிடையாது. ‘நடுவில்’ அங்கே செல்லாது.