வீட்டில் வயிற்று டயாலிசிஸ்: பயிற்சியின்போது எதில் கவனம் வேண்டும்?

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு, குடலைச் சூழ்ந்துள்ள பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வையே வடிகட்டியாக்கி, நாள்தோறும் மூன்று நான்கு முறை, பெரும்பாலும் 2 லிட்டர் அளவில், பையிலுள்ள திரவத்தை வயிற்றில் பொருத்திய குழாய் வழியே ஏற்றிச் சில மணி நேரம் வைத்திருந்து வடிப்பது சி.ஏ.பி.டி. (தொடர் நடமாடும் வயிற்று டயாலிசிஸ்) முறை. இதற்கு இயந்திரமோ மின்சாரமோ வேண்டாம் என்பதால், பொறுப்பு முழுவதும் செய்பவரின் கைக்கு வந்துவிடுகிறது.

குழாய் பொருத்திய இடம் ஆறுவதற்கு வழக்கமாக விடப்படும் இரண்டு வாரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். நர்ஸ் செய்து காட்டுவதைப் பார்த்தால் மட்டும் போதாது. வீட்டில் பை மாற்றப் போகிறவர் ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, நர்ஸ் ஒருமுறைகூடக் குறுக்கிட வேண்டிய தேவை இல்லாத வரை, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பார்வை மங்கல், விரல் நடுக்கம் இருந்தால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. மருமகளோ மகனோ மட்டும் கற்றுக்கொண்டு நோயாளி எதுவும் அறியாதிருக்கும் ஏற்பாடு, அவர்கள் வெளியூர் போகும் முதல் நாளிலேயே தடுமாறும்.

பை மாற்றும்போது கதவு, ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் அணிய வேண்டும். வெயில் காலத்தில் விசிறி இல்லாமல் உட்கார்ந்திருப்பது கடினம்தான். ஆனாலும் இதில் சலுகை கிடையாது. பையின் காலாவதி நாள், 1.5, 2.5, 4.25 என்ற குளுக்கோஸ் சதவீதம், கசிவு, தெளிவு ஆகியவற்றைப் பார்த்த பிறகு, கைகளைச் சோப்பால் கழுவிச் சுத்தமான துண்டால் ஈரமின்றித் துடைக்கவும். பையை வெந்நீரில் முக்கிச் சூடாக்கக் கூடாது; அந்த ஈரத்தோடு கிருமியும் ஒட்டிக்கொள்ளும்.

மூடியைக் கழற்றி இணைக்கும் அந்தச் சில நொடிகள்தான் மிக ஆபத்தானவை. புதுப் பையின் முனை எதிலாவது பட்டுவிட்டால் அந்தப் பையை ஒதுக்கிவிட வேண்டும். வயிற்றுக் குழாயோடு இணைந்திருக்கும் டிரான்ஸ்ஃபர் செட் என்ற இணைப்புக் குழாயின் முனை பட்டுவிட்டால், அதைத் துடைத்துச் சமாளிக்க முயலாமல், குழாயை அடைக்கும் கிளாம்ப்பை மூடி, முனைக்குப் புதிய மினிகேப் என்ற சிறு மூடியைப் போட்டு, திரவம் ஏற்றாமல் மருத்துவமனையை அழைக்க வேண்டும். ஒரு பை வீணாகிறதே என்று தயங்கினால், அதைவிடப் பெரிய செலவு வந்து சேரும்.

வடித்த பையைக் கொட்டுவதற்கு முன் ஒரு செய்தித்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். திரவத்தின் ஊடாக எழுத்தைத் தெளிவாகப் படிக்க முடிய வேண்டும். கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கி எழுத்து மறைந்தால், வயிற்று வலியோ காய்ச்சலோ வரட்டும் என்று காத்திராமல், அந்தப் பையையே எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெரிட்டோனியத் தொற்றைக் கண்டறியும் சோதனைகள் அந்தத் திரவத்தில்தான் செய்யப்படும். திரவம் தெளிவாக இருந்தும் மெதுவாக வடிந்தால், குழாய் மடங்கியுள்ளதா, கிளாம்ப் திறந்துள்ளதா என்று பார்த்துவிட்டு, மலச்சிக்கலையும் நினைத்துப் பாருங்கள். பல நேரங்களில் காரணம் அதுதான்.

ஏற்றிய அளவு, வடிந்த அளவு, பையின் சதவீதம், காலை எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். எடை ஏறிக் கால் வீங்கினால் தாமாகவே 4.25-க்குத் தாவாமல், முதலில் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று எங்கிருந்து உப்பு நுழைந்தது என்று பார்த்து, மருத்துவரைக் கேட்கவும். அடர்த்தி கூடிய பை நீரை அதிகம் இழுக்கும். கூடவே உடலுக்குள் சர்க்கரையையும் சேர்க்கும் என்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இது முக்கியம். மாறாக, வயிற்றுப்போக்கும் தலைச்சுற்றலும் அழுத்தக் குறைவும் இருந்தால் வழக்கமான பை கூட அதிகமாகிவிடலாம். திரவத்தோடு புரதமும் வெளியேறுவதால் முட்டை வெள்ளைக்கரு, மீன் போன்றவை உணவில் இருக்க வேண்டும்.

குழாய் வெளிவரும் இடத்தை நாள்தோறும் பார்த்து, மருத்துவர் தந்த களிம்பு தடவி, குழாய் இழுபடாமல் பிளாஸ்திரி ஒட்டுங்கள். குளத்திலோ கிணற்றிலோ இறங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகளை வீட்டிலேயே பெற வழி உண்டு.

சில மாதங்கள் போனால் முகக்கவசம் நழுவும், கை கழுவும் நேரம் குறையும். டிரான்ஸ்ஃபர் செட்டை வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள்; அன்று நர்ஸ் பார்க்க ஒரு பையை மாற்றிக் காட்டுங்கள். தொற்று வந்து குணமானவர்களும், நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்து திரும்பியவர்களும் அந்த ஆறு மாதம் வரை காத்திராமல் உடனே மறுபயிற்சி கேட்டுப் பெற வேண்டும்.