முதியவர் கால்களுக்குப் பயிற்சி: இந்தத் தவறுகள் வேண்டாம்

வழுக்கும் தரை, தேய்ந்த செருப்பு, வார்ம்-அப் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. பிசியோதெரபி முடித்துவிட்டு தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் தலைமுறை செய்த அதே தப்புகளை அதே தன்னம்பிக்கையோடு செய்கிறார்கள்.

பாவம் பார்த்து எடையைக் குறைப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி வியாபாரம் செய்யும் ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டியவர். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. ஏற்கெனவே பார்த்த இடத்தில் கணுக்காலில் அரைக் கிலோ பட்டையைக் கட்டி, உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் மாதக்கணக்கில். தினமும் விடிவதற்குள் தக்காளிக் கூடையை வண்டியில் ஏற்றுகிற மனுஷிக்கு அரைக் கிலோ! "என் கொலுசு கனங்கூட இல்லியே கண்ணு, இது எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பஸ் செலவு, போன வியாபாரம், அதற்கு மேல் "நமக்கு வயசாயிடுச்சு, இனி சரியாகாது" என்ற முடிவு. இந்தத் தவறின் விலை இவ்வளவு.

புதியவர்களைக் கேட்டால், "வயசானவங்க சார், ஏதாவது ஆயிட்டா?" என்பார்கள். 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் குழுவினர் முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வரை போனார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம்தான் வளர்ந்தது. மீதிக்கு, தசையை முழுதாக வேலை வாங்க நரம்பு மண்டலம் பழகியதுதான் பெரிய காரணம்.

தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் லேசான சுமையை மதிப்பதில்லை. 2007இல் ஜெர்மனியில் இளையவர்களிடம் ஒரு காலுக்கு அதிகபட்ச விசையில் 55 சதவீதம், மறு காலுக்கு 90 சதவீதம் என்று 14 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். குதிகால் நாணின் விறைப்பு, அதாவது இழுத்தால் எளிதில் நீளாத உறுதி, கூடியது கனமான பக்கத்தில்தான்.

ரத்த அழுத்தமும் இதயமும் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சைப் பிடிக்க விடாதீர்கள். அப்புறம், எட்டு முறை செய்தால் கடைசி இரண்டு முறை திணற வேண்டும். அதுதான் சரியான எடை. பாட்டியை கேழ்வரகுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னோம். பையின் கனம் கூடிக்கொண்டே போனது. கையூன்றுவது நின்றது.

தசை தயார் என்றால் நாணும் தயார் என்று நம்புவது

தசை சில வாரங்களில் தேறிவிடும். நாண் அப்படியல்ல. அந்தக் கால அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14ஐ வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் காட்டியது: குதிகால் நாணின் உட்பகுதி சுமார் 17 வயதோடு அமைந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடிப் பழகும் மகனோடு, திடீரென்று அப்பாவும் மைதானத்தில் இறங்கினால் முதலில் முறையிடுவது அந்த நாண்தான். தீர்த்தமலை ஏறுகிறேன் என்று கிளம்புபவர்களுக்கும் இதே கதை. கனம் வேண்டும், ஆனால் மாதங்கள் கணக்கில் ஏற்றுங்கள்.

நேர்க் காலில் மட்டும் குதிகாலைத் தூக்க வைப்பது

முழங்காலை மடக்கியும் செய்யட்டும். கெண்டைக்காலில் அடியடுக்காக இருக்கும் சோலியஸ் தசைக்கும் வேலை வேண்டாமா?

எல்லாமே மெதுவாக

வயதாக ஆக, வலிமையைவிட வேகமாகக் குறைவது விசையைச் சட்டென்று எழுப்பும் திறன். தடுக்கி விழப் போகும்போது தேவைப்படுவதும் அதுதான். எழும்போது விருட்டென்று, உட்காரும்போது நிதானமாக.

மருந்துச் சீட்டைப் பார்க்காதது

சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் தசைநாணை அறுத்துவிடலாம் என்று 2008இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையாக எச்சரித்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். குதிகாலில் புதிதாக வலி என்றால் பயிற்சியை நிறுத்தி, மருத்துவரிடம் அனுப்புங்கள். சீட்டு தொலைந்துவிட்டது என்பார்கள். மாத்திரை அட்டையையே எடுத்துவரச் சொல்லுங்கள்.