கர்ப்ப கால ரத்த அழுத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசமாக இருக்கும் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்ட பிறகும், "தலைசுற்றல்கூட இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 20-ஆவது வாரத்துக்குப் பிறகு தொடங்கும் இந்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே ஏறும் என்பதால், ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை அளப்பதோடு, சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறிவந்த மூச்சிரைப்போடு கையை நீட்டாமல், ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் அமர்ந்த பின்னரே அளக்கச் சொல்லுங்கள்.

"கால் வீங்குவது வழக்கம்தானே, பார்லித் தண்ணீர் குடித்தால் வடிந்துவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மாலையில் கணுக்காலில் தோன்றிக் காலையில் வடிகிற வீக்கம் பலருக்கும் இயல்பே. ஆனால் விடிந்து எழும்போதே முகம் அதைத்திருந்தால், நேற்றுவரை தளர்வாகச் சுழன்ற மோதிரம் இன்று கழலாமல் விரலை இறுக்கினால், அதைப் பார்லித் தண்ணீரிடம் விட்டுவிடக் கூடாது. விடாத தலைவலி, கண்முன் மின்னல் வெட்டுவது போன்ற உணர்வு, பார்வை மங்கல், வலது மேல்வயிற்றில் வலி ஆகியவை இந்த அழுத்தம் முற்றி வரும் வலிப்புக்கு முந்தைய எச்சரிக்கைகளாக இருக்கக்கூடும். அந்த வயிற்றுவலியை வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருப்பது எனக்கு மிகுந்த அச்சம் தரும் வழக்கம், ஏனெனில் அது ஈரல் பாதிக்கப்படுவதன் அடையாளமாகவும் இருக்கலாம். இந்த அறிகுறிகள் தெரிந்தாலோ, அழுத்தம் 160/110-ஐ எட்டினாலோ, அப்போதே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.

ஏற்கெனவே டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்தவர்கள், அவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், கருத்தரித்தது தெரிந்தவுடன் மருத்துவரிடம் சொல்லி லபெட்டலால், நிஃபெடிபின் போன்றவற்றுக்கு மாற வேண்டும். தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. உப்பை அடியோடு விட்டுவிடுவதால் கர்ப்ப கால ரத்த அழுத்தம் தடுக்கப்படுவதில்லை.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் புறப்படும்போது பரிசோதனைச் சீட்டுகளைப் புகுந்த வீட்டு அலமாரியிலேயே விட்டுச் செல்வதால், புதிய மருத்துவருக்கு முந்தைய அளவுகள் எதுவும் தெரியாமல் போகிறது.

பிரசவத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்ற நிம்மதியும் தவறானது. அழுத்தம் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் உச்சத்துக்கு ஏறலாம். பலர் வீடு திரும்புவதும் அந்த நாட்களில்தான். ஆறு வாரம் வரை, தாய் தலைவலி என்றால், தூக்கக் குறைவு என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்கும் முன் அழுத்தத்தை அளந்து பாருங்கள்.